அக்கா, பழியை நீ ஏற்றுக்கொள்

ஸ்டில்வெல் ஏரி முகாம்,
மொன்டானா.
ஆகஸ்ட் மாதம், செவ்வாய் அல்லது புதன்.

பேரன்புமிக்க ஆர்டித் அக்காவின் சமூகத்துக்கு,

உன் ஒரே தம்பி வெண்டல் ஓல்ட்மன் பணிவுடன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் லவோனும் சௌக்கியம். நெப்ராஸ்காவில் நீயும் உன் முழங்காலும் உன் பூனையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு நன்றி. நாங்கள் சௌக்கியம் என்று மேலே எழுதியது மரியாதைக்காக. இனி எழுதப்போவதுதான் உண்மை.

இந்தக் கடிதத்தை லவோனுக்குத் தெரியாமல், முகாமின் சலவை அறையில், ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து நடுங்கினால் எனக்குக் கைகால் விழுந்துவிட்டது என்று பயப்படாதே, துணி பிழிந்துகொண்டிருக்கிறது. போன் செய்யலாம் என்றால் எங்கள் இடத்தில் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் லவோனுக்குக் கேட்காமல் பேச, படுக்கையும் அடுப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற இந்த வீட்டு வண்டியில் மூலை ஏது?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டை வாங்க வந்திருக்கும் அந்த இளம் தம்பதிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லும் பொறுப்பை உன்னிடம் விட்டு வந்தோம் இல்லையா? முடியாது என்று சொல்லிவிடு. ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயாகவே குறுக்கே விழுந்து கெடுத்ததாக இருக்கட்டும். எனக்கு என் வீடு வேண்டும், அக்கா. என் கராஜ் வேண்டும். நான் நிமிர்ந்து நின்று குளிக்கிற குளியலறை வேண்டும்.

உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும். இரண்டு வருடமாக நான் பேசிய பேச்சு எனக்கே மனப்பாடமாக இருக்கிறது. வீடு என்பது காலில் கட்டிய சங்கிலி, புல்வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவன் எல்லாம் அடிமை, வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடியிருந்து நாளொரு மலையும் பொழுதொரு ஏரியுமாக வாழ்வதே மனிதப் பிறவியின் லட்சணம் என்று நன்றி நாள் விருந்தில் வான்கோழியை வெட்டவிடாமல் உங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். லவோன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒரு தடவை போயிட்டு வருவோம். அதுக்கப்புறமும் உனக்கு இதே எண்ணம் இருந்தா நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள், அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடையும் பச்சை ஜெல்லியும் வைத்து வழியனுப்பு விழா நடத்தி, வண்டி வடிவத்தில் கேக் செய்து, 'சுதந்திரப் பறவைகள்' என்று அதன் மேல் எழுதி, பாஸ்டர் எழுந்து ஆபிரகாமும் கூடாரத்தில்தான் குடியிருந்தார் என்று பிரார்த்தனை செய்து, ஊரே என் முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. இப்போது எந்த முகத்தோடு திரும்பி வருவேன்? முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். ஊரில் பாதிப் பேர் என்னிடம் கற்றவர்கள். பாஸ்டரையே இரண்டு முறை பெயிலாக்கியிருக்கிறேன். வண்டி ஓட்டப் போய்த் தோற்றுத் திரும்பினான் வெண்டல் வாத்தியார் என்று அவர் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டாரா?

பயணத்தின் லட்சணத்தைக் கேள். வயோமிங்கில் காற்று என்றால் அது காற்று இல்லை, பக்கவாட்டில் யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவது. வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் சமையலறை அலமாரி திறந்து தட்டுகள் ஒவ்வொன்றாக விழ, லவோன் ஒரு காலால் அலமாரியையும் மறு காலால் குளிர்சாதனப் பெட்டியையும் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடியே மாநிலத்தைக் கடந்தாள், அப்படியும் அவள் ஊறுகாய் போட்டு எடுத்து வந்த பீட்ரூட் ஜாடி உருண்டு உடைந்து சாறு ரத்தம் போலக் கதவிடுக்கு வழியாக வெளியே சொட்டியது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கல்லாவில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு லவோனைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, நீங்க பயப்படாம சொல்லுங்க, உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். லவோன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல" என்றாள்.

அவ்வளவும் பட்டு எதற்காக வந்தோம்? தேசியப் பூங்காவின் நடுவே மலை உச்சிக்குப் போகிற அந்தப் பாதையைப் பார்க்க. அதன் படத்தை நான்கு வருடமாகக் குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். பூங்கா வாசலில் தொப்பி போட்ட ஒரு சின்னப்பெண், நம் ஊரில் என்னிடம் கற்றிருந்தால் நிச்சயம் பெயிலாகியிருப்பாள், சிரித்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், இந்த நீளத்துக்கு மேல வண்டி மலைப்பாதையில போகக் கூடாது."

"இது வண்டி இல்லம்மா, வீடு."

"வீடும் போகக் கூடாது சார்."

பின்னால் காட்டின் எல்லை வரை கார்கள். எல்லோரும் பின்வாங்க, நான் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித் திருப்பியதை எத்தனை பேர் வீடியோ எடுத்தார்கள் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் வீட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்து வருவார்களாம். வீடு ஊர் சுற்றப் போகிறது, வீட்டுக்குப் பின்னால் கார் ஊர் சுற்றப் போகிறது, காருக்குப் பின்னால் சைக்கிள் ஊர் சுற்றப் போகிறது. இதற்குப் பேர்தான் எல்லாவற்றையும் துறந்துவிட்டு இயற்கையைத் தேடிப் போவது.

சரி, ஏரிக்கரையிலாவது நிம்மதியாக இருப்போம் என்று இந்த முகாமுக்கு வந்தோம். புதிதாக ஒரு வண்டி வந்தால் இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. அவரவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வருகிறவன் வண்டியை ரிவர்ஸ் எடுத்து அவனுக்குரிய இடத்தில் நிறுத்துவதை வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். முகாமில் பொழுதுபோக்கு இது ஒன்றுதான். ஏரி இவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மஞ்சள் சட்டையும் கோல்ஃப் வண்டியுமாக டுவேன் என்ற முகாம் பொறுப்பாளர் வந்தார். சம்பளம் வாங்காத தொண்டர், அதனால் அதிகாரத்துக்கு அளவில்லை. லவோன் பின்னால் நின்று சைகை காட்டினாள். டுவேன் ஒரு சைகை. ஓய்வுபெற்ற நாலு பேர் ஆளுக்கொரு சைகை. யாரை நம்புவது? கடைசியில் இருந்த கேலன் என்பவர் மட்டும் தெளிவாக, நிதானமாக, வா வா என்று இரண்டு கையாலும் அழைத்துக்கொண்டிருந்தார். அவரை நம்பி வந்தேன். அவர் கொசு விரட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர்க் குழாயை அடியோடு பெயர்த்துவிட்டேன், அக்கா. தண்ணீர் மரத்தின் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது.

"வெந்நீர் ஊற்று பாக்க எல்லோஸ்டோன் வரைக்கும் போகணும்னு இருந்தோம். வாத்தியார் இங்கயே கொண்டு வந்துட்டாரு!" என்றார் கேலன். நான் வாத்தியார் என்பதை அதற்குள் யார் சொன்னார்கள்? நான்தான் சொல்லியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து, "எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், நான் முப்பது வருஷம் வாத்தியாரு" என்று முதலிலேயே கத்தியிருந்தேன்.

அன்று சாயங்காலம், நனைந்த துணிகளை எல்லாம் உலர்த்திவிட்டு வந்து லவோன் என்னிடம் கேட்டாள்: "உனக்குப் பிடிச்சிருக்கா, வெண்டல்?"

"சொர்க்கம்" என்றேன்.

வேறு என்ன சொல்வேன்? அவள் "சரி" என்று உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இதே கேள்வி, இதே பதில், இதே 'சரி'.

இங்கே இருக்கிற மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள். எங்கள் பக்கத்து இடத்தில் இருப்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி லீலண்ட் ஹார்விக். அடுத்தவர் பல் மருத்துவர். எதிரில் விமானி. இத்தனை பேரும் கூடி இந்த மலையடிவாரத்தில், பனி உருகி ஓடி வரும் இந்த ஏரியின் கரையில், காலை முதல் மாலை வரை பேசுகிற விஷயம் என்ன தெரியுமா? வண்டிக் கழிவறையின் கழிவுத் தொட்டி. உன்னுடையது நிறைந்துவிட்டதா, என்னுடையதில் விளக்கு எரிகிறது, அவருடைய குழாய் ஒழுகுகிறது, எந்தக் காகிதம் சீக்கிரம் கரையும். நீதிபதி இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாட்சிகளை வரிசையாக விசாரிக்கிறார். வீட்டில் இருந்தவரை நாற்பது வருடத்தில் அது எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நான் அடிமையாக இருந்த காலத்தில் எவ்வளவு சுதந்திரமாக இருந்திருக்கிறேன் பார்.

அதிலும் ஒரு கூத்து. தனித்துவமாக வாழ வேண்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பிய எல்லோரும் ஒரே கம்பெனியின் ஒரே வண்டியைத்தான் வாங்கியிருக்கிறோம். வெளிர்மஞ்சள் நிறம், பக்கவாட்டில் பழுப்பு அலை. நான் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முழங்கால் போட்டுக் குனிந்து, குழாயை மாட்டித் திறந்து, பயபக்தியோடு தொட்டியைக் கழுவிக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தால், தலைக்கு மேல் ஜன்னலைத் திறந்து நீதிபதியின் மனைவி டோரீன் எட்டிப் பார்க்கிறார்.

"ரொம்ப நன்றி, தம்பி. இவரு போன வாரத்துலேருந்து நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தாரு."

நான் வண்டி மாறி நீதிபதியின் தொட்டியைக் காலி செய்திருக்கிறேன். "அக்கம்பக்கம்னா ஒத்தாசை இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வண்டியில், தொட்டி நிறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அன்றைக்கும் லவோன் கேட்டாள், அன்றைக்கும் சொர்க்கம் என்றேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

கரடி விவகாரத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். கரடி வரவில்லை. கரடியை விரட்ட விற்கிறார்களே மிளகாய் மருந்து, அந்த டப்பா அவசரத்துக்கு வேலை செய்யுமா என்று சோதிக்க நினைத்தேன். வெளியே காற்று அடித்ததால் உள்ளே சோதித்தேன். வேலை செய்கிறது. நானும் லவோனும் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடி வர, முகாமே மடக்கு நாற்காலியுடன் கூடிவிட்டது. வண்டி காற்றாடும் வரை மறுநாளெல்லாம் வெளியில்தான் குடியிருந்தோம். லவோன் படகுத்துறைக்குப் போய்த் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் தேவதாரு மரத்தடியில் உட்கார்ந்து உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த வேலியை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி நீ எத்தனை முறை சண்டை போட்டிருப்பாய். இப்போது வந்து அடிக்கிறேன், அக்கா. உன் பக்கமும் சேர்த்து அடிக்கிறேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தத் தம்பதியிடம் முடியாது என்று சொல்லிவிடு. பிறகு லவோனுக்கு ஒரு கடிதம் போடு. முழங்கால் முன்னைவிட மோசம், பக்கத்து வீட்டில் அந்நியர்கள் குடிவருவதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, தம்பியும் தம்பி மனைவியும் பக்கத்தில் இல்லாமல் முடியாது என்று எழுது. நடுவில் கொஞ்சம் அழு. அளவாக அழு, பெரியப்பா சாவில் அழுதாயே, அந்த மாதிரி வேண்டாம், லவோன் கண்டுபிடித்துவிடுவாள். நான் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபப்படுவேன். "என் கனவெல்லாம் இந்த அக்காவால் போச்சு" என்று கத்துவேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. பிறகு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்து ஊருக்குத் திரும்பிவிடுவேன். பாஸ்டருக்கும் ஒரு நல்ல பிரசங்கம் கிடைக்கும், உடன்பிறப்புக்காகத் தியாகம் செய்தவன் என்று. உனக்கு என்ன கஷ்டம்? ஊரில் உன்னை ஏற்கெனவே பிடிவாதக்காரி என்றுதானே சொல்கிறார்கள்.

பாஸ்டருக்கும் அவர் மனைவிக்கும் என் அன்பைச் சொல்லவும். கேக் செய்த பெண்கள் எல்லோருக்கும் வணக்கம். பூனைக்குத் தடவிக் கொடுக்கவும். கர்த்தர் உன் முழங்காலைக் குறைவின்றிக் காப்பாராக, ஆனால் லவோன் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதிகம் நடமாடாமல் இரு.

என்றும் உன் சொல்லைத் தட்டாத,
அன்புத் தம்பி,
வெண்டல்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே.

கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு சலவை அறையை விட்டு வெளியே வந்தேன். லவோன் வாசலில் நிற்கிறாள். துணிக்கூடை கையில்.

"யாருக்குக் கடுதாசி?"

"சும்மா, அக்காவுக்கு. நலம் விசாரிச்சு."

"அண்ணிகிட்ட நேத்துதான பேசினேன், நல்லாத்தான் இருக்காங்க."

ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்குமாம். தினமும் நடைப்பயிற்சி என்று போய் உன்னோடு பேசிவிட்டு வருகிறாளாம். நான் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"தபால் வண்டி இனிமே திங்கக்கிழமைதான் வரும், வெண்டல். இன்னைக்கு வியாழக்கிழமை. நாளைக்கு மத்தியானம் அவங்களுக்குப் பதில் சொல்லியாகணும். நான் அண்ணிகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? அதுக்குள்ள இவன் வாயைத் திறந்து பிடிக்கலன்னு சொன்னா வீடு நம்மது. சொல்லலன்னா குடுத்துடுங்க, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்."

நீயும் சரி என்றாயாமே, அக்கா! என் கூடப் பிறந்தவள்தானா நீ? இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வீட்டை வாங்க வந்த அந்தப் பெண் என் சமையலறையில் திரைச்சீலைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்தா ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?" என்றேன்.

"தெரியும். பீட்ரூட் கொட்டுனப்பவே தெரியும். ஆனா நீ சொல்லணும். ரெண்டு வருஷமா எங்கிட்ட வீட்டை வித்துடலாம் வித்துடலாம்னு எவ்வளவு பேசின? எனக்கு அழுகையா வரும். வெளில காட்டிக்கல. அவ்வளவு பேசினவன் ஒரு வார்த்தை இதையும் பேசட்டும். பேசாத ஆளோட நான் வீட்டுல இருந்தா என்ன, வண்டியில இருந்தா என்ன?"

எதிரில் நாற்காலிகள் வந்துகொண்டிருந்தன. புது வண்டி எதுவும் வரவில்லை, ஆனாலும் இவர்களுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கேலன், பல் மருத்துவர், விமானி, டுவேன், நீதிபதி, எல்லோரும் அவரவர் மனைவியோடு. தனியாகப் பேசலாம் என்று லவோனின் கையைப் பிடித்தேன். அவள் நகரவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்குப் பிடிக்கல, லவோன். முதல் நாளே பிடிக்கல. நான் சொன்னதெல்லாம் தப்பு. எனக்கு நம்ம வீடு வேணும். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால் மலை அப்படியே இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. லவோன் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிக்கூடையை என் கையில் திணித்துவிட்டு, இந்த வயதில் அந்த மேட்டில் ஓடினாள், அக்கா, உனக்குப் போன் செய்ய. நான் கூடையைக் கட்டிக்கொண்டு நின்று அழுதேன். எனக்கு இதில் வெட்கம் இல்லை.

ஆக, பதில் உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காத. அண்ணி கையில எழுத்து மூலமா இருக்கட்டும்" என்று லவோன் பிடுங்கிக்கொண்டாள். அதனால்தான் இந்த அவமானம் முழுதாக உன்னிடம் வருகிறது. இன்னொன்று. நாளைக்கே கிளம்புவோம் என்றேன். மாட்டாளாம். வீடு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஏரி நன்றாக இருக்கிறதாம், மாதக் கடைசி வரை இருப்போம் என்கிறாள். நானும் இப்போதுதான் படகுத்துறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். மோசமில்லை.

முகாமில்தான் சூழ்நிலை சரியில்லை. நான் பேசி முடித்ததும் நாற்காலி வரிசையில் இருந்த மனைவிமார்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவரவர் கணவனைப் பார்த்தார்கள். கேலன் அரை மணி நேரத்தில் தனக்கும் பிடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார், இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். விமானி காட்டுக்குள் நடக்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பல் மருத்துவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டோரீன் நீதிபதியிடம் லவோனின் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார். அவர் நாற்காலியை ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்.